எங்கள் ஊர்க் கால்

(பழைய மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரை. மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டபடி எழுத்தில் தரப்படுகிறது. பேசிய மாதிரியே விட்டிருக்கிறேன். பேராசிரியர்கள் பிழை பொறுக்க.)

மதிப்புக்குரிய சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, எண்பதைத் தாண்டியும் முன்வரிசையில் வந்து உட்கார்ந்து என்னை இன்றைக்கும் பயமுறுத்திக்கொண்டிருக்கும் எங்கள் பேராசிரியப் பெருமக்களே, என்னோடு படித்த நண்பர்களே, சகோதரிகளே, பின்வரிசையில் சாப்பாடு எப்போது என்று பார்த்துக்கொண்டிருக்கும் மாணவக் கண்மணிகளே!

நான் இங்கே 1974 முதல் 1977 வரை பி.எஸ்ஸி. கணிதம் படித்தவன். அதன் பிறகு முப்பத்துமூன்று வருஷம் பள்ளிக்கூட வாத்தியார் வேலை. அதனால் பதினைந்து நிமிஷம் பேசச் சொன்னால் நாற்பத்தைந்து நிமிஷம் பேசிவிடுவேன். மணி அடித்தால்தான் நிறுத்தத் தெரியும். செயலாளரிடம் மணி இருக்கிறதா என்று கேட்டேன். மாலை போட்டு உட்கார வைத்துவிடுவோம் என்றார்.

"ஒங்க ஊரைப் பத்திப் பேசுங்க சார்" என்றுதான் போனில் சொன்னார். ஏரல் என்றால் எல்லோருக்கும் இரண்டு விஷயம் தெரியும். ஒன்று, சுற்றுப்பட்டுக் கிராமத்துக் கல்யாண வீட்டுக்காரர்களெல்லாம் சாமான் வாங்க வந்து குவியும் கடைத்தெரு. இன்னொன்று, ஆற்றங்கரையில் இருக்கிற சேர்மன் சாமி கோயில். ஊருக்கு சேர்மனாக இருந்த ஒருத்தர், அருணாசல சாமி, 1908ல் ஆடி அமாவாசையன்று காலமானார். அவர் பேரில் கோயில் எழும்பி, இன்றைக்கும் ஆடி அமாவாசைக்கு ஆறு முழுக்கத் தலையாகத் தெரிகிறது. பதவியிலிருந்த சேர்மன் சாமியானது எங்கள் ஊரில்தான் என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். இப்போதுள்ள சேர்மன்மார்கள் யாரும் இதைக் கேட்டு ஆசைப்பட வேண்டாம்.

இன்றைக்கு நான் பேசப்போவது கடைத்தெருவைப் பற்றியும் இல்லை, கோயிலைப் பற்றியும் இல்லை. தாமிரபரணியைப் பற்றிக்கூட இல்லை. அதைப் பற்றிப் பேச நெல்லைப் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஏரலுக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊர் என்னுடையது. அந்த ஊருக்குள்ளே எட்டடி அகலத்தில் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. அதற்குப் பெயர்கூடக் கிடையாது. நாங்கள் 'கால்' என்போம். "காலுக்குக் குளிக்கப் போறேன்", "மாட்டைக் காலுல எறக்கு" என்று சொல்லுவோம். இங்கே ஹாஸ்டலில் சேர்ந்த முதல் நாள், "நம்ம ஊர்ல காலுக்குப் போயித்தான் குளிப்போம்" என்று நான் சொல்ல, அறைத்தோழன் ஒருத்தன் குனிந்து என் காலைப் பார்த்தான். அவனும் இன்றைக்கு வந்திருக்கிறான்.

இந்தக் கால் எங்கிருந்து வருகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டு. மேலே கோடைமேலழகியானில் தொடங்கி, நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் என்று ஏழும் பழைய ராஜாக்கள் காலத்தவை. எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு மட்டும் வெள்ளைக்காரன் கட்டியது, 1870களில் முடிந்தது. அதற்காகப் பாடுபட்டவர்களில் ஒருவர் அப்போதைய திருநெல்வேலி கலெக்டர் பக்கிள். தூத்துக்குடி ஊருக்குள்ளே ஓடுகிற பக்கிள் ஓடை அவர் பேரில்தான். அந்த ஓடை இன்றைக்கு இருக்கிற கோலத்தைப் பார்த்தால் மனுஷன் தன் பேரைத் திருப்பிக் கேட்டிருப்பார்.

ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து இரண்டு கால் பிரிகிறது. தென்கால் ஆற்றுக்குத் தெற்கே கடம்பாகுளம், ஆத்தூர் பக்கம் போகிறது. வடகால் ஆற்றுக்கு வடக்கே ஆறுமுகமங்கலம், பேய்க்குளம் என்று போய், தூத்துக்குடி வாசலில் இருக்கிற கோரம்பள்ளம் வரைக்கும் எட்டுகிறது. இரண்டும் சேர்ந்து இருபத்தையாயிரத்துச் சொச்சம் ஏக்கர். காகிதத்தில் 25,560 ஏக்கர் என்று இருக்கும். வடகாலிலிருந்து கிளை, கிளையிலிருந்து கிளை என்று பிரிந்து பிரிந்து, மரத்தின் நுனிக்கொம்பு மாதிரி கடைசியில் வருவதுதான் எங்கள் கால். ஆற்றுக்கு அது பேத்தி முறை, அல்லது பேத்திக்கும் மகள்.

ஆற்றில் தண்ணீர் தானாக ஓடும். காலில் அப்படி ஓடாது. இது நான் வாத்தியாராகி ரொம்ப வருஷம் கழித்துத்தான் எனக்கே உறைத்தது. அணையில் ஒருத்தர் ஷட்டரைத் தூக்க வேண்டும். நடுவில் இருக்கிற ஊர்க்காரன் தன் வயல் நிறைந்த பிறகு மடையை அடைக்க வேண்டும். ஒரு குளம் பெருகினால் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போக வழி விட்டிருக்க வேண்டும். இவ்வளவும் நடந்தால்தான் எங்கள் காலில் முழங்கால் அளவு தண்ணீர். அது சாமி கொடுத்த தண்ணீர் என்று எங்கள் ஆச்சி சொல்லுவாள். அதில் பாதி மேல் ஊர்க்காரன் கொடுத்தது.

எங்கள் ஊரில் அதைப் பார்த்துக்கொண்டவர் மடைக்குடும்பன். அப்படித்தான் அந்த வேலைக்குப் பெயர். நான் சிறு பையனாக இருந்தபோது அவருக்கு ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும். எங்கள் அப்பாவுக்கு மூத்தவர். ஆனால் எங்கள் தெருப் பிள்ளைகள் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம். அவர் "என்ன தம்பி" என்று திரும்புவார். இதை இந்த மேடையில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லாமல் விட்டால் இன்னும் வெட்கம். இன்றைக்கு அவரைப் பெரியவர் என்றே சொல்லுகிறேன்.

பெரியவருக்கு ஒரு சென்ட் நஞ்சை கிடையாது. ஊரில் எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு தண்ணீர் என்பது அவர் கையில் இருந்தது. அவர் தராசு என்ன தெரியுமா? ஒரு வெற்றிலை. காம்பைக் கிள்ளி மேல் மடைக்கு முன்னால் விடுவார். அது கீழ் மடைக்குப் போய்ச் சேருகிற நேரத்தைப் பார்ப்பார். சேர நேரமானால், "நடுவுல எவனோ தெறந்துட்டான்" என்று மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு கரையோடு நடப்பார். தூரம், காலம், வேகம் என்று நான் முப்பத்துமூன்று வருஷம் கரும்பலகையில் போட்ட கணக்கு அது. அவர் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கியதில்லை. ராத்திரி முறைத் தண்ணீர் வந்தால் லாந்தரோடு காலடியிலேயே கிடப்பார். சம்பளம் கிடையாது. அறுப்பு முடிந்து களத்தில் நெல் அளக்கும்போது அவர் பங்குக்கு அளந்து போடுவார்கள். சில பேர் குறைத்துப் போடுவார்கள். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் அடுத்த பிசானத்தில் அந்த வயலுக்குத் தண்ணீர் கொஞ்சம் தாமதமாகப் போகும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. எனக்கு அது உண்மையாக இருக்க வேண்டும் என்று ஆசை.

அப்போது எங்களுக்குக் கார், பிசானம் என்று இரண்டு பூ. கடைமடையாதலால் காருக்குத் தண்ணீர் வந்தால் வந்தது. பிசானம்தான் நிச்சயம். ஐப்பசியில் நட்டு மாசி பங்குனியில் அறுப்பு. அதற்குப் பின் கால் காயும். சித்திரையில் தண்ணீர் அடைத்திருக்கிற சமயம் பார்த்து ஊரே இறங்கித் தூர் வாரும். வீட்டுக்கு ஒரு ஆள், ஒரு மண்வெட்டி, ஒரு கடகப்பெட்டி. குடிமராமத்து என்று புத்தகத்தில் படித்தீர்களே, அதுதான். இதற்குச் சட்டமே உண்டு: 1858ஆம் வருஷத்துச் சென்னைச் சட்டம் 1. வழக்கப்படி செய்ய வேண்டிய வேலைக்கு ஒருத்தன் வராவிட்டால் அந்த வேலையின் மதிப்பைப்போல் இரண்டு மடங்கு அவனிடம் வசூலிக்கலாம் என்றது. எங்கள் ஊரில் யாரும் அந்தச் சட்டத்தைக் கேள்விப்பட்டதில்லை. வராதவன் வீட்டு வாசலில் வாரிய சகதியைக் கொட்டிவிட்டுப் போவார்கள். அதுவே போதுமானதாக இருந்தது.

அதையெல்லாம் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. அதே காலில் எங்கள் தெருவுக்கு மேலே ஒரு குளிக்கிற துறை, பெரியவர் தெருவுக்குக் கீழே ஒரு துறை. நாங்கள் குளித்து, மாடு குளித்து, துணி வெளுத்த பிறகுதான் அந்தத் தண்ணீர் அவர்களிடம் போகும். தண்ணீரைத் திறந்துவிடுகிறவர் வீட்டுப் பிள்ளைகள் அதன் கசட்டில் குளித்தார்கள். சித்திரைத் தூர் வாரும்போது மட்டும் எல்லோரும் ஒரே சகதியில் நின்றோம். நாள் முழுக்க ஒன்றாக நின்றுவிட்டுச் சாயந்திரம் அவரவர் துறைக்குப் போய்க் குளித்தோம்.

கடைமடைக்காரனுக்கு மேலே பார்த்துக்கொண்டே இருப்பதுதான் தொழில். நான் கல்லூரிக்கு வந்த சமயத்துக்கு முன்னும் பின்னுமாகத் தூத்துக்குடியில் ஆலைகள் வந்தன. அனல் மின் நிலையம் வந்தது. அவற்றுக்கெல்லாம் தண்ணீர் ஸ்ரீவைகுண்டத்திலிருந்துதான். 20 எம்.ஜி.டி. திட்டம் என்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளையும் சொல்லும். ஒரு நாளைக்கு இரண்டு கோடி காலன், லிட்டரில் ஏறத்தாழ ஒன்பது கோடி. அந்த ஆலைகளில் நம் மாணவர்கள் எத்தனை பேர் வேலை பார்த்திருக்கிறோம், கையைத் தூக்கச் சொன்னால் பாதி அரங்கம் தூக்கும். என் தம்பியும் அதில் ஒருத்தன். அதனால் இதைப் பற்றி ஆத்திரமாகப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் தண்ணீர் குறைந்த வருஷங்களில் குழாய் நிறைய ஓடியதும், கால் காய்ந்து கிடந்ததும் நான் கண்ணால் பார்த்தது. விவசாயிகள் பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போனார்கள்.

மணல் வேறு. ஆற்றில் லாரி லாரியாக அள்ளியதை எதிர்த்து, ஸ்ரீவைகுண்டத்துக்காரரான தோழர் நல்லகண்ணு ஐகோர்ட் மதுரைக் கிளையில் தானே நின்று வாதாடி 2010ல் தடை வாங்கினார். அணைக்குள்ளேயோ மண் மேடிட்டு மரம் வளர்ந்து கிடந்தது. 2015ல் தீர்ப்பாயம் சொன்ன பிறகு தூர் வார ஆரம்பித்தார்கள். தூரைவிட மணல் மேலேதான் கண் என்று ஜனங்கள் அதற்கும் குறைப்பட்டார்கள். ஆற்று மணல் குறைந்ததால் முக்காணிப் பக்கம் கடல் தண்ணீர் ஏறி, கிணறு உப்பாகிவிட்டது. இவையெல்லாம் பேப்பரில் வந்தவை. நீங்களும் படித்திருப்பீர்கள்.

பேப்பரில் வராத ஒன்றைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

1989ல் நான் வீடு கட்டினேன். காலுக்கு அந்தப் பக்கம் எங்களுக்கு ஒரு துண்டு நிலம். அப்போது ஊரில் நெல் குறைந்து வாழை வந்துவிட்டது. ஆளுக்கொரு மோட்டார் போட்டிருந்தார்கள். சித்திரைத் தூர் நின்று நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. அதைக் கவர்மெண்டு காண்ட்ராக்டில் செய்யும் என்று விட்டுவிட்டோம். நிலத்துக்குப் போக வர ஒரு பாலம் வேண்டும். கொத்தனார் கேட்டார், "சார், கல்லு வச்சுக் கட்டவா, கொழாயப் போட்டு மூடவா?" கல் வைத்துக் கட்டினால் செலவு. ஓரடி விட்டமுள்ள சிமெண்டுக் குழாய் ஒன்று வாங்கிப் போட்டு, மேலே மண் தள்ளி, சிலாப் போட்டு மூடினேன்.

கணக்கைக் கேளுங்கள். காலின் அகலம் எட்டடி, ஆழம் மூன்றடி. தண்ணீர் போகிற வழி இருபத்துநாலு சதுர அடி. ஓரடிக் குழாயின் வாய் பை ஆர் ஸ்கொயர், முக்கால் சதுர அடிக்குக் கொஞ்சம் மேலே. இருபத்துநாலை முக்கால் ஆக்கினேன். முப்பதில் ஒரு பங்கு. வட்டத்தின் பரப்பளவை வருஷா வருஷம் ஒன்பதாம் வகுப்புக்கு நடத்துகிறவன் செய்த வேலை இது.

பெரியவர் அப்போது உயிரோடு இருந்தார். மடை வேலை கிட்டத்தட்ட இல்லை. பேரன் வீட்டில் கிடந்தார். ஒருநாள் கம்பை ஊன்றிக்கொண்டு வந்து பாலத்தைப் பார்த்தார்.

"கொழாயி பத்தாது வாத்தியாரய்யா. ரெண்டு ஆளு கைகோத்து நிக்கிற அகலம் வேணும்."

"தண்ணி இப்ப எங்க வருது?" என்றேன்.

"இப்ப வரல்ல. வராமலா போயிரும்?"

அதோடு போய்விட்டார். அடுத்த ஐந்தாறு வருஷத்தில் காலமானார். நான் போட்ட பாலத்தைப் பார்த்து மேலும் கீழுமாக இன்னும் ஆறு பேர் அதே மாதிரி போட்டார்கள். "வாத்தியாரே போட்டிருக்காரு" என்பது அவர்களுக்கு அத்தாட்சி.

இங்கே ஒரு நிமிஷம் கொற்கைக்குப் போய்விட்டு வருகிறேன். மாணவர்கள் கேட்டிருப்பீர்கள், ஏரலிலிருந்து நாலைந்து கிலோமீட்டர். சங்கப் பாட்டில் வருகிற கொற்கை, தாலமி எழுதி வைத்த கொல்கை, பாண்டியன் முத்துத் துறைமுகம். இன்றைக்குக் கடல் அங்கிருந்து ஆறேழு கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. 1870களில் கால்டுவெல் ஐயர் அங்கே தோண்டிப் பார்த்து, ஆறு கொண்டுவந்த மண்தான் துறையை மூடிக் கடலைத் தள்ளிவிட்டது என்று எழுதினார். 1968-69ல் தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டியபோது கிடைத்த கரியின் வயசு கி.மு. 785 என்று வந்தது. கொற்கை மேடானதும் வியாபாரம் பழையகாயலுக்கு இறங்கியது. மார்க்கோ போலோ வந்து பார்த்த காயல் அது. அதுவும் மேடானது. பிறகு தூத்துக்குடி. அங்கும் கடைசியாக அரசாங்கம் முத்துக்குளிப்பு நடத்தியது 1961ல். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கொற்கைக்குச் சுற்றுலா கூட்டிப்போய், "பாருங்கடா, ஒரு துறைமுகமே மண்ணுக்குள்ள போயிட்டு" என்று நானே எத்தனை தடவை விளக்கியிருக்கிறேன். ஆறு அதைச் செய்ய ஆயிரம் வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. எங்கள் காலை மூட எனக்கு ஒன்றரை நாள், கூலி நாலு ஆள்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு எங்கே இருந்தோம் என்பது தூத்துக்குடி ஜில்லாக்காரர் யாருக்கும் மறக்காது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. எங்கள் மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதே சுமார் 65தான். ஆறு கரை புரண்டது. குளங்கள் வரிசையாக உடைந்தன. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சிக்கி, அதிலிருந்த நூற்றுக்கணக்கான ஜனங்கள் தவித்ததை டி.வி.யில் எல்லோரும் பார்த்தார்கள். ஏரலைப் பார்க்க டி.வி.க்காரர்கள் வர முடியவில்லை. ஆற்றுப் பாலத்தின் இணைப்புச் சாலையைத் தண்ணீர் அறுத்துக்கொண்டு போய்விட்டது. கரண்ட் இல்லை, போன் இல்லை. கடைத்தெருவில் கடை கடையாகச் சரக்கு மூழ்கியது. வாழை மொத்தமும் படுத்துவிட்டது. ஹெலிகாப்டரில் பொட்டலம் போட்டார்கள்.

அவ்வளவு பெரிய வெள்ளத்துக்கு என் ஓரடிக் குழாய் காரணமில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இருபத்துநாலு சதுர அடி இருந்திருந்தாலும் அன்றைக்குத் தண்ணீர் ஊருக்குள் வந்திருக்கும். என் கதை வெள்ளம் வடிந்த பிறகு ஆரம்பிக்கிறது.

எனக்கு வீடு மூன்றடி மேடை. தண்ணீர் மேல்படி வரை வந்து நின்றது. மூன்றாம் நாள் ஆறு இறங்க ஆரம்பித்தது. எங்கள் தெருவில் தண்ணீர் வடிந்துவிட்டது. பெரியவர் தெருவில் வடியவில்லை. அந்தத் தெருவின் வடிகால் என் பாலத்துக்குச் சற்று மேலேதான் காலில் வந்து விழும். என் குழாயின் வாயில் அமலைச் செடி வந்து அடைத்து, அதன்மேல் வாழைத்தண்டும் சாக்கும் ஒரு கட்டில் காலும் சேர்ந்து, சுவர் மாதிரி நின்றது. பின்னால் தண்ணீர் குளமாகத் தேங்கி நிற்கிறது. முன்னால் கால் கிட்டத்தட்ட வெறுமையாகக் கிடக்கிறது. இருபதடிக்குள் இரண்டு ஊர் மாதிரி இருந்தது. எங்கள் தெரு காய்ந்த பிறகு அந்தத் தெருவில் நாலு நாள் இடுப்பளவு நின்றது. மண் சுவர் வைத்த வீடுகள் மழையில் விழவில்லை, அந்த நாலு நாளில் ஊறி விழுந்தன. பதினொரு வீடு. நான் எண்ணினேன்.

நாங்கள் முகாமிலிருந்து வந்த சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அங்கே போனோம். நல்ல காரியம் செய்கிற மிதப்பில்தான் போனேன். பெரியவரின் மகள் இருக்கிறார். எனக்கு மூத்தவர். நாங்கள் கீழே மேலே என்று தனித்தனித் துறையில் குளித்து வளர்ந்தவர்கள். பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். கோபமாகப் பேசவில்லை. தண்ணீரைக் காட்டி, "ஒங்க கொழாயிதான் வாத்தியாரய்யா இங்கன வந்து நிக்கி" என்றார்.

அன்றைக்கு மத்தியானமே அந்தத் தெருப் பையன்கள் கடப்பாரையோடு வந்தார்கள். என்னிடம் கேட்கவில்லை. நானும் வெளியே வந்து நின்றேனே தவிர ஒன்றும் சொல்லவில்லை. சிலாப்பை உடைத்துக் குழாயைப் புரட்டிப் போட்டார்கள். தண்ணீர் இரைச்சலோடு போனது. ராத்திரிக்குள் தெரு தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர், "போலீஸ்ல எழுதிக் குடுங்க சார், அத்துமீறல்லா?" என்றார். வாய்க்கால் புறம்போக்கில் நான் குழாய் போட்டபோது அது என்ன மீறல் என்று அவரைக் கேட்கவில்லை. அவருடைய பாலமும் ஓரடிக் குழாய்தான்.

பிறகு என் பழைய மாணவன் ஒருவன், நீர்ப்பாசனத்தில் ஆராய்ச்சி செய்கிறவன், செல்போனில் ஒரு படம் காட்டினான். ஸ்பெயின் தேசத்தில் வலென்சியா என்று ஒரு ஊர். அங்கே வியாழக்கிழமைதோறும் மத்தியானம் கோயில் வாசலில் எட்டுப் பேர் கறுப்பு அங்கி போட்டு உட்காருகிறார்கள். எல்லோரும் விவசாயிகள். ஒவ்வொரு வாய்க்காலுக்கும் ஒருத்தர். மேல் மடைக்காரன் தண்ணீரைத் திருடினான், வாய்க்காலை அடைத்தான் என்று வழக்கு வந்தால் அங்கேயே வாயால் விசாரித்து வாயால் தீர்ப்பு. வக்கீல் கிடையாது. பல நூறு வருஷமாக நடக்கிறதாம். 2009ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியங்களில் சேர்த்திருக்கிறது. "ஒங்க கேஸு அங்க போனா என்ன ஆவும் சார்?" என்று கேட்டான். அபராதம் கட்டுவேன், வேறென்ன. எங்கள் ஊரில் அதே வேலையை ஒரு கிழவர் தனியாளாகக் கோவணத்தோடு பார்த்தார். அவர் தீர்ப்பும் சொன்னார். நான்தான் "தண்ணி எங்க வருது" என்றேன்.

2024 சித்திரையில் என் பாலத்தை மறுபடி கட்டினேன். இந்தத் தடவை கல் வைத்து, எட்டடி முழுசும் திறப்பு விட்டு. செலவு ரிடையர்மெண்டுப் பணத்தில் கணிசமாகப் போயிற்று. வீட்டம்மா, "இதுக்கு அப்பமே கல்லு வச்சிருக்கலாம்லா" என்றாள். கட்டி முடித்த அன்றைக்குப் பெரியவரின் மகளைக் கூப்பிட்டேன். அவர் பேத்திகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஒன்றும் சொல்லாமல் அந்தப் பிள்ளைகளைக் காலுக்குள் இறக்கி, கைகோத்து நிற்க வைத்துப் பார்த்தார். நின்றது. தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். விழுந்த பதினொரு வீட்டில் எத்தனைக்கு எவ்வளவு பணம் வந்தது, எத்தனை இன்னும் கூரைத்தாளில் நிற்கிறது என்பது தனிக் கதை. அதை நான் சொல்வதைவிட அவர்கள் வந்து சொல்வதுதான் முறை. அடுத்த கூடுகைக்கு அந்தத் தெருவிலிருந்து நம் கல்லூரியில் படித்த ஒரு தம்பியைப் பேசக் கூப்பிடுங்கள். எம்.ஏ. முடித்திருக்கிறான். என்னைவிட நன்றாகப் பேசுவான். சுருக்கமாகவும் பேசுவான்.

செயலாளர் மாலையை எடுத்துவிட்டார். முடித்துவிடுகிறேன்.

எங்கள் காலில் ஓரடிக் குழாய்ப் பாலம் ஏழு இருந்தது. என்னுடையது போனது. 2024லேயே இன்னும் இரண்டு பேர் இடித்துவிட்டார்கள். மிச்சம் நாலு. அதில் ஒன்று என் மச்சான் வீட்டு வாசலில் இருக்கிறது. அவரும் நம் கல்லூரிதான், 1981 செட், இயற்பியல். "அடுத்த வருஷம் பாப்போம் அத்தான்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். இன்றைக்குக் கூட்டத்துக்கு வரவில்லை, நான் பேசப்போகிறேன் என்று தெரிந்துவிட்டதோ என்னவோ. ஆனால் மலரைத் தவறாமல் வாசிப்பார். மாப்பிள்ளை, சித்திரையில் கால் காய்ந்துதான் கிடக்கும். கொத்தனாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். மண்வெட்டி நான் கொண்டு வருகிறேன்.